எழுத்துப் பாட்டு வருகிறது, படிக்க வரவில்லை: வீடியோவை எப்படிக் காட்டுவது?

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது. யூடியூபில் பார்த்த எழுத்துப் பாட்டை ‘அ’ முதல் ‘ஃ’ வரை தடங்கல் இல்லாமல் பாடுகிறாள். தாளில் ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறாள். எழுத்துக்கூட்டச் சொன்னால் ‘ப, ட, இம்… படஇம்’ என்கிறாள். வீடியோ காட்டுவதால் பயன் உண்டா? தினமும் எவ்வளவு நேரம் காட்டலாம்?

பதில்: பயன் உண்டு. ஆனால் ஓடவிட்டுவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விட்டால் கிடைக்காது. உங்கள் மகளுக்கு இப்போது தெரிந்திருப்பது எழுத்துகளின் வரிசை, எழுத்துகள் அல்ல. பாட்டு காதில் ஏறியது, கண் படத்திலேயே நின்றுவிட்டது. படக்கதையைப் பெரியவர்கள் வாசித்துக் காட்டும்போது குழந்தையின் பார்வை எங்கே போகிறது என்று பதிவுசெய்த ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றிலும் பார்வை பெரும்பாலும் படத்தின்மேல்தான். எழுத்தில் பட்ட நேரம் மிகச் சொற்பம். படம் ஆடிப்பாடினால் கேட்கவே வேண்டாம்.

முதலில், எவ்வளவு தெரியும் என்று பாருங்கள். பத்து எழுத்துகளை அட்டைகளில் எழுதி, கலைத்துப்போட்டுக் காட்டுங்கள். பாட்டை ஆரம்பத்திலிருந்து முணுமுணுக்காமல் உடனே சொல்லும் எழுத்து மட்டுமே அவளுக்குத் தெரிந்தது.

‘படஇம்’ அவளுடைய தவறில்லை. புள்ளி எழுத்துகளை ‘இக், இங், இச்’ என்றுதான் வீடியோக்களும் வகுப்பறைகளும் சொல்லித்தருகின்றன. சொல்வதற்கு வசதியாக நாம் சேர்த்த அந்த ‘இ’யையும் குழந்தை எழுத்தின் ஒலியாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் ‘ம்’மைத் தனியாகக் கேட்காதீர்கள். ‘ட’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மூடச் சொல்லுங்கள், ‘டம்’ வந்துவிடும். டம், மம், ரம், கம் என்று முன்னெழுத்தோடு சேர்த்தே சில நாள் பழக்குங்கள். பிறகு ப + டம், ம + ரம்.

இதற்கு 247 எழுத்தும் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ட, ப, ம, ர, க என்ற ஐந்து உயிர்மெய்களும் அவற்றின் புள்ளி எழுத்துகளில் சிலவும் இருந்தால் படம், மரம், பட்டம், பக்கம், கட்டம், பம்பரம் எல்லாம் படித்துவிடலாம். அவள் பேச்சில் ஏற்கெனவே இருக்கும் சொற்களையே கொடுங்கள். ‘பம்பரம்’ என்பதில் இரண்டு ‘ப’வும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. தெரிந்த சொல்லானால் அந்த வேறுபாட்டை நாக்கு தானே சரிசெய்துகொள்ளும்.

எந்த வீடியோ என்பதில் கறாராக இருங்கள். எழுத்துக்குக் கண்ணும் கையும் முளைத்து நடனமாடினால் குழந்தைக்கு முகம்தான் மனதில் நிற்கும், வடிவம் நிற்காது. வெற்றுப் பின்னணியில், அச்சில் இருப்பது போன்ற எழுத்து, குறைந்தது மூன்று நொடி அசையாமல் நிற்க வேண்டும். அடுத்து, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: வால், வாள், வாழ் மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா? கணினிக் குரலில் உருவாக்கிய பல வீடியோக்கள் இங்கேயே தோற்றுவிடும். கதை வீடியோ என்றால் சொல்வதும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். குரல் ‘வந்துட்டான்’ என்று சொல்ல, கீழே ‘வந்துவிட்டான்’ என்று ஓடினால் எதை எதோடு பொருத்துவது என்று குழந்தைக்குத் தெரியாது. யூடியூப் தானாகப் போடும் வசன வரிகளையும் நம்ப வேண்டாம்.

சொல்லச் சொல்ல அந்தந்தச் சொல் நிறம் மாறும் வரிகள் மிக நல்லவை. அகமதாபாத் ஐஐஎம் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, பாட்டின் மொழியிலேயே அதன் வரிகளைத் திரையில் ஓட்டினால் வாசிப்பு வளரும் என்ற யோசனையை 1996இல் முன்வைத்தார். பின்னர் தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’ என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியிலும் அது செயல்படுத்தப்பட்டது. வரி கண்முன்னே நகர்ந்தால் கண் தானாகவே அதன் பின்னால் போகும். புக்பாக்ஸ் என்ற நிறுவனத்தின் தமிழ்க் கதை வீடியோக்கள் இந்த முறையில்தான் வருகின்றன.

காட்டும் முறை இது. மூன்று நான்கு நிமிட வீடியோ ஒன்றே போதும். முன்கூட்டியே நீங்கள் பார்த்து, அதில் வரும் ஐந்து சொற்களை அட்டையில் எழுதிவையுங்கள். அட்டைகளைப் படித்துக்காட்டிவிட்டு வீடியோவைத் தொடங்குங்கள். முதல் முறை நிறுத்தாமல் பார்க்கட்டும். கதை தெரியாமல் எழுத்தில் கவனம் வராது. இரண்டாம் முறை வேகத்தை 0.75 ஆக்கி, அட்டையில் உள்ள சொல் திரையில் வந்ததும் நிறுத்தி, அதைத் தொட்டுக்காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் முறை ஒலியை அணைத்துவிடுங்கள். வரியை அவள் படிக்கட்டும். செல்போனில் விரல் பட்டால் வீடியோ ஓடிவிடும். விரலே எழுத்தையும் மறைக்கும். டிவியும் ஒரு குச்சியும் இருந்தால் நல்லது. தானாக அடுத்த வீடியோ தொடங்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

முடிந்ததும் திரையை மூடி, அட்டைகளைக் கலைத்துக் கேளுங்கள். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். இரண்டு மூன்று நாளில் வரிகள் மனப்பாடமாகிவிடும், நாமோ படிக்கிறாள் என்று நம்பிவிடுவோம். கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

கொம்பு எழுத்துகள் வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ‘க்’குக்குப் பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இருபுறமும். இடமிருந்து வலமாகப் படிக்கும் குழந்தை கொம்பைப் பார்த்ததும் திகைத்து நிற்கும். வீடியோவை அங்கே நிறுத்தி, கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டதுபோல் குச்சியால் காட்டி, முழுதாக ‘கெ’ என்றே சொல்லுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, 2 முதல் 4 வயதுவரை திரைமுன் உட்காரும் நேரம் ஒரு நாளில் மொத்தமாகவே 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. உங்கள் மகள் அந்த வயதைக் கடந்துவிட்டாலும், வாசிப்புக்கு அட்டை வேலையோடு சேர்த்து 20 நிமிடம் தாராளம். வாரம் நான்கு நாள் வீடியோ, மற்ற நாள்களில் தாள். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் முதல் நிலைத் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் வகுப்பு பாதி கடந்தும் ‘மரம்’ போன்ற சொற்களில் தடுமாறினால் வீடியோவைக் கூட்டாதீர்கள். பார்வையையும் கேட்கும் திறனையும் சோதித்துவிட்டு, குழந்தை நல மருத்துவரிடம் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டைக் கேளுங்கள்.