பாட்டியின் குரலை ஏன் அடைத்தீர்கள்?

கேள்வி: செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு ஆசிரியை நான். வகுப்பில் கஹூட் வினாடி வினா விளையாட்டு வைத்தால் பிள்ளைகள் துள்ளுகிறார்கள். ஆனால் கூகல் கிளாஸ்ரூமில் கொடுக்கும் வீட்டுப்பாடத்தைப் பாதிப் பேர் செய்வதே இல்லை. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நினைவூட்டினாலும் பெற்றோரிடமிருந்து பதில் இல்லை. ஒரு பையனின் பாட்டி மட்டும் ராத்திரியில் குரல் பதிவாக அனுப்பிக்கொண்டே இருப்பார். அவரை மியூட் செய்துவிட்டேன். பிள்ளைகளை ஈர்க்க வேறு எந்தச் செயலி நல்லது?
– ஆசிரியை, கோலாலம்பூர்

பதில்: வேறு செயலி எதையும் நான் சொல்லப் போவதில்லை, டீச்சர். பள்ளிகளுக்கான இணையக் கற்றல் தளமாக ஃபுரோக் இருந்தது, 2019-இல் போனது. 2020-இல் கல்வி அமைச்சின் டெலிமா தளம் வந்தது. எது வந்தாலும் இதே கேள்விதான் எனக்கு வருகிறது.

பெற்றோர் பதில் சொல்வதில்லை என்கிறீர்கள். பதில் சொன்ன ஒரே ஆளை மியூட் செய்துவிட்டு இதைச் சொல்கிறீர்கள். அந்தப் பதிவுகளில் ஒன்றையாவது கடைசிவரை கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவர் என்ன சொன்னார் என்று எழுதியிருப்பீர்கள்.

ஏன் குரலில் பேசுகிறார்? கைப்பேசியில் எழுதத் தெரிந்திருக்காது. ஏன் ராத்திரியில்? பகலில் அந்தக் கைப்பேசி மகனோடோ மருமகளோடோ வேலைக்குப் போயிருக்கும். அது வீடு திரும்பிய பிறகுதான் உங்கள் வீட்டுப்பாடமே அந்த வீட்டுக்குள் நுழைகிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பாடம் வீட்டுக்கு வந்த நாள்களில் ஒரே கைப்பேசிக்கு அண்ணன் தம்பிகள் வரிசையில் காத்திருந்தார்களே, அதற்குள் மறந்துவிட்டதா?

பேரனைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, பள்ளிக்கு அனுப்புகிற பாட்டியும் பெற்றோர்தான். அவருக்குப் பதில் சொல்வது உங்கள் கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சரி, வகுப்புக்கு வருவோம். கஹூட்டை விட வேண்டாம். ஆனால் அதில் வேகமாகத் தொட்டவனுக்கே புள்ளி அதிகம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை விடை தெரிந்தும் தோற்கும். நேரத்தைக் கூட்டி வையுங்கள், குழுவாக ஆடவிடுங்கள். தட்டச்சிலும் கவனம் வேண்டும். முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி நம் நாட்டில் பிறந்தது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனாலும் சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்கிற விசைப்பலகை, ல ள ழ தடுமாறும் ஒன்பது வயதுப் பிள்ளையின் வேலையைத் தானே செய்துவிடும். பிள்ளை நோட்டில் எழுதட்டும். அதைப் படமெடுத்து அனுப்பினால் போதும்.

அப்புறம் அந்தக் குரல் பதிவு. உங்களிடம் இருப்பதிலேயே நல்ல கருவி அதுதான். வீட்டில் மூத்தவர் ஒருவர் சின்ன வயதில் என்ன விளையாடினார் என்று ஒரு நிமிடம் பேசவைத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதத்தோடு வகுப்பில் போடுங்கள். பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். தோட்டத்தில் வளர்ந்த பாட்டி என்றால், பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போன அம்மா திரும்பும்வரை லயத்து வீட்டு வாசலில் ஆடிய ஆட்டமெல்லாம் வரும். பெரட்டு என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே பாடம் தானாக நடக்கும்.

இன்றைக்கே மியூட்டை எடுங்கள். பழைய பதிவுகளை முதலிலிருந்து கேளுங்கள். கேட்டு முடித்ததும் அந்தப் பாட்டிக்கு நீங்களே போன் போடுங்கள், ராத்திரியில். அப்போதுதான் கைப்பேசி வீட்டில் இருக்கும்.