பக்கத்துக் கூடாரத்தாரோடு பழகுவது எப்படி?

கேள்வி: ஏலகிரியில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். பக்கத்தில் இருப்பவர்களோடு பழக ஆசை. தொந்தரவாகிவிடுமோ என்றும் தயக்கம். என்ன செய்யலாம்?
- வாசகி, குடியாத்தம்

பதில்: தாராளமாகப் பழகுங்கள். ஆனால் அவர்கள் கூடாரம் அடித்து முடிக்கும்வரை பேச்சை நீட்டாதீர்கள்; "சுத்தியல் வேணுங்களா?" என்று கேட்டாலே போதும். நாலு முளையும் கொஞ்சம் நைலான் கயிறும் கூடுதலாக எடுத்துப் போங்கள். அதுவே பாதி அறிமுகம். இடமிருந்தால் பத்தடியாவது தள்ளி அடியுங்கள். நெருங்கினால் இழுகயிறுகள் குறுக்கிடும், இருட்டில் கால் தடுக்கும். கயிற்றில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள்.

பலரும் தவறுவது நெற்றி விளக்கில்தான். மாட்டிக்கொண்டே பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கண் கூசும். கழற்றித் தரையைப் பார்க்க வையுங்கள்.

கொடுப்பதற்கு ஆற்காடு மக்கன்பேடா அருமைதான், ஆனால் பாகு சிந்தினால் எறும்பு மொய்க்கும். முறுக்கு மேல். ஆம்பூர் பிரியாணி என்றால், அசைவம் சாப்பிடுவார்களா என்று முதலில் கேளுங்கள். மலை சுமார் 1,100 மீட்டர் உயரம். மாலைக் குளிருக்கு ஒரு பிளாஸ்க் சுக்குக் காபி நன்றாகப் பேசவைக்கும்.

கூடாரத் துணி சத்தத்தைத் தடுக்காது. இரவு ஒன்பதரைக்கு மேல் மெல்லிய பேச்சும் பக்கத்தில் கேட்கும். வாசல் ஜிப் மூடியிருந்தால் கூப்பிடாதீர்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.