சேற்றில் பாதரசம்: பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் அடங்குமா?

கேள்வி: எண்ணூர் பக்கம் எங்களுக்கு ஒரு பழைய இறால் குட்டை இருக்கிறது. மறுபடி மீன் விடலாம் என்று பார்த்தால், சேற்றில் பாதரசம் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் போதும் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: ஷீட்டை நம்பலாம், ஏஜென்ட்டை அவசரப்பட்டு நம்பாதீர்கள். அந்த ரிப்போர்ட்டுக்குச் சாம்பிள் எடுத்தது யார்? ஷீட் விற்பவரே சேறு அள்ளி, அவரே லேபுக்குக் கொண்டுபோயிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். என்ஏபிஎல் (லேப்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேபில், உங்கள் கண் முன்னால் சீல் வைத்த சாம்பிளைக் கொடுத்துப் பாருங்கள்.

காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியா, பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். மீன் சதையில் ஏறுவது அதுதான். கழுவினாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது. ஷீட் சேற்றையும் தண்ணீரையும் பிரித்து வைக்கும், அவ்வளவுதான். பாதரசம் அடியில் அப்படியே கிடக்கும்.

பாலித்தீன் தண்ணீரைவிட லேசு. எச்டிபிஇ எனும் அடர்த்தி கூடிய பாலித்தீனில் செய்த தடியான ஷீட்டும் அப்படித்தான். ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள், மேலே வந்து நிற்கும். போதாததற்குச் சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் அடியில் சேர்ந்து ஷீட்டை உப்ப வைக்கும், ஒட்டு பிரியும். ஓரத்தில் நாலு கல் வைத்துவிட்டு பில் நீட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை. ஷீட் முழுக்க மணல் பரப்ப வேண்டும், வாயு வெளியேற வழி வேண்டும். சதுர அடி ரேட்டில் இதெல்லாம் சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள்.

தொழிற்சாலைப் பாதரசக் கழிவால் பாழான ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 1977 முதல் 1990 வரை சேற்றை உறிஞ்சி எடுத்து, 58 ஹெக்டேர் நிலமாக மேடாக்கி, மேலே செயற்கை இழை ஷீட், அதன் மேல் மண் என்று மூடினார்கள். ஷீட் அங்கே ஓர் அடுக்குதான். அதைப் பார்த்து நீங்களும் சேற்றை வாரக் கிளம்பாதீர்கள். கலக்கினால் அடங்கிக் கிடப்பதும் கிளம்பும். "சேற்றை நாங்களே எடுத்துப் போகிறோம்" என்பவர் ராத்திரியில் எந்த ரோட்டோரம் கொட்டுவாரோ!

முழுசாக வற்றவைக்க முடிந்த குட்டை என்றால் கதை வேறு. காய்ந்த தரையில் ஷீட் சுருக்கமில்லாமல் படியும். ஒட்டுகளைச் சூடு வைத்து ஒட்டி, ஒவ்வொன்றையும் சோதிக்கலாம். இறால் பண்ணைகளில் ஷீட் போடுவது இப்படித்தான். ஆனால் வற்றவைத்த தண்ணீரை ஆற்றில் விடாதீர்கள், அதில் கலங்கிய சேறு இருக்கும். நாலு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் சோதித்த பிறகே வெளியேற்றுங்கள். அடியில் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தால் அது வற்றிய குட்டை ஆகாது.

மதகு திறந்து கழிமுகத் தண்ணீரை எடுக்கிறீர்களா? அப்படியானால் ஷீட் வீண்செலவு. புது வண்டல் அதன் மேலேயே படியும். இந்தச் செலவை யாரிடம் கேட்பது என்றால், மாசு செய்தவரே அதை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றுக்கே குழு மேல் குழு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் குட்டைக்கு எவர் வரப்போகிறார்?

அட்வான்ஸ் கொடுக்குமுன் குட்டையில் இப்போது இருக்கும் மீனைப் பிடித்து, மெத்தில் பாதரசம் தனியாக எவ்வளவு என்று சோதிக்கச் சொல்லுங்கள். அந்த ரிசல்ட் வரும்வரை அந்த மீனை விற்கவும் வேண்டாம், வீட்டில் சமைக்கவும் வேண்டாம்.