மெய்நிகர் இயந்திரம் ஓய்வில் இருக்கிறது, ஹோஸ்ட் ஏன் ஓய்வதில்லை?

கேள்வி: லினக்ஸ் கேவிஎம் ஹோஸ்ட் (மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கும் உண்மையான கணினி) ஒன்றில், நான்கு மெய்நிகர் செயலிகள் கொண்ட கெஸ்ட் (அதில் ஓடும் மெய்நிகர் இயந்திரம்) ஒன்றை நடத்துகிறேன். சிறு சிறு செய்திகளை வாங்கி அனுப்பும் சேவை அதில் ஓடுகிறது. கெஸ்ட்டுக்குள் டாப் கட்டளையில் பார்த்தால் செயலிகள் 85% நேரம் சும்மா இருக்கின்றன. வெளியே, அதே கெஸ்ட்டை ஓட்டும் கியூஎம்யூ நிரலின் செயல்முறை, ஒரு செயலிக்கு 100% என்ற கணக்கில், 160% எடுப்பதாகக் காட்டுகிறது. உள்ளே நடக்கும் வேலை நான்கு செயலிக்கும் சேர்த்து 60% தானே? மீதி 100% எங்கே போகிறது? மறுமொழி இன்னும் வேகமாக வர, கெஸ்ட் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தொடக்க வரியில் ‘ஐடில் = போல்’ என்று கொடுக்கச் சொல்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

பதில்: நண்பர் சொன்னதை இப்போதைக்குச் செய்யாதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: நீங்கள் பார்த்த இரண்டு எண்களுமே சரி. கெஸ்ட் தனக்கு வேலை இல்லாத நேரத்தைக் கணக்கிடுகிறது. அந்த நேரத்தில் ஹோஸ்ட் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை.

கெஸ்ட் கெர்னலிடம் ஓட்டுவதற்கு எதுவும் மீதமில்லாதபோது, அது ஹால்ட் என்ற ஆணையை நிறைவேற்றும். எக்ஸ்86 செயலிகளில் இது ஒரே ஒரு பைட், பதினாறெண் முறையில் எஃப்4. 1978-இல் வந்த 8086 செயலியிலேயே இது உண்டு. அடுத்த குறுக்கீடு (செயலியின் கவனத்தைக் கேட்கும் அழைப்பு) வரும்வரை நில் என்பதுதான் இதன் பொருள். நேரடியாக வன்பொருளில் ஓடும் கெர்னல் இதைச் சொன்னால் கோர் (செயலிச் சில்லுக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) உண்மையிலேயே நிற்கும், மின்சாரம் மிச்சமாகும்.

மெய்நிகர் இயந்திரத்தில் அப்படியே நிற்க விட்டால் சிக்கல். ஒரு கெஸ்ட் தூங்கும்போது அந்தக் கோர் முழுவதும் அதன் பிடியில் மாட்டிக்கொள்ளும். பக்கத்துக் கெஸ்ட் கைநிறைய வேலையோடு காத்திருந்தாலும் இடம் கிடைக்காது. அதனால் மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசர்கள் இந்த ஆணையை இடைமறிக்கின்றன. இன்டெலின் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸில் இதற்கென்றே ஒரு கட்டுப்பாட்டு பிட் இருக்கிறது. அது இயக்கப்பட்டிருந்தால், கெஸ்ட் ஹால்ட் சொன்ன கணமே கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம் வந்துவிடும். வெளியேறிய காரணமாக 12 என்ற எண் பதிவாகும். ஏஎம்டியிலும் இதற்கு இணையான இடைமறிப்பு உண்டு. ஆர்ம் செயலிகளில் டபிள்யூஎஃப்ஐ என்ற ஆணை இதே வேலையைச் செய்கிறது, அதையும் பிடிக்கலாம். கெஸ்ட்டைப் பொறுத்தவரை ஹால்ட் என்பது நிறுத்தம். ஹைப்பர்வைசருக்கோ அது ஒரு தகவல் மட்டுமே: ‘என்னிடம் வேலை இல்லை.’ அந்தத் தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது ஹைப்பர்வைசரின் முடிவு. உங்கள் 100% ஒளிந்திருப்பது அங்கேதான்.

இந்த ஆணையைக் கெர்னல் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கெர்னல் முதலில் குறுக்கீடுகளை மூடிவிட்டு, வேலை ஏதாவது வந்திருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்க்கும். இல்லையென்றால் குறுக்கீடுகளைத் திறந்துவிட்டு ஹால்ட் சொல்லும். திறப்பதற்கும் நிற்பதற்கும் இடையிலான அந்தக் கணத்தில் ஒரு குறுக்கீடு வந்து, கையாளப்பட்டு, போய்விட்டால்? புதிய வேலை வந்துவிட்டது, ஆனால் கெர்னல் அதைக் கவனிக்காமல் தூங்கப் போய்விடும். இதைத் தடுக்கத்தான், குறுக்கீட்டைத் திறக்கும் எஸ்டிஐ ஆணையின் பலன் அதற்கு அடுத்த ஆணை முடியும்வரை தள்ளிப்போகும்படி செயலியை வடிவமைத்திருக்கிறார்கள். எஸ்டிஐ, உடனே ஹால்ட். இரண்டும் பிரிக்க முடியாத ஒரே ஆணை போல நடக்கின்றன. ஹைப்பர்வைசரும் இந்த நுணுக்கத்தைக் காப்பாற்றியாக வேண்டும். காத்திருக்கும் குறுக்கீடு ஒன்று இருக்கும்போதே மெய்நிகர் செயலியைத் தூங்கவைத்துவிட்டால் கெஸ்ட் காரணமே தெரியாமல் உறைந்து நிற்கும். இரண்டு ஆணைகளுக்குள் இவ்வளவு சிந்தனையைப் பொதிந்துவைத்தவர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

இனி லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் செய்வதைப் பார்ப்போம். ஒவ்வொரு மெய்நிகர் செயலியும் ஹோஸ்ட்டில் ஒரு சாதாரண திரெட். ஹால்ட் வந்ததும் அந்தத் திரெட்டைத் தூங்கவைத்துவிட்டு, கோரை வேறு யாருக்காவது கொடுப்பதுதான் இயல்பான வழி. யாரும் இல்லையென்றால் ஹோஸ்ட் கெர்னலே கோரை ஆழ்ந்த ஓய்வுக்கு அனுப்பும். இதில் செலவு தூங்குவதில் இல்லை, எழுவதில்தான். குறுக்கீடு வர வேண்டும், ஹோஸ்ட்டின் ஷெட்யூலர் (எந்தத் திரெட் எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் பகுதி) அந்தத் திரெட்டை எழுப்ப வேண்டும், கோர் ஆழ்ந்த ஓய்விலிருந்து மீள வேண்டும், பிறகு கெஸ்ட்டுக்குள் திரும்ப நுழைய வேண்டும். ஸ்கைலேக் சர்வர் செயலிகளுக்கு சி6 என்ற ஆழ்நிலையிலிருந்து மீள மட்டும் 133 மைக்ரோ விநாடி என்று லினக்ஸின் இன்டெல் ஓய்வு இயக்கி குறித்துவைத்திருக்கிறது. சிறு செய்திகளைக் கையாளும் சேவைக்கு இது பெரிய தாமதம்.

ஆகவே கேவிஎம் உடனே தூங்கவைப்பதில்லை. ஹால்ட் வந்த பிறகும் சிறிது நேரம் கோரைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, இந்தக் கெஸ்ட்டுக்குக் குறுக்கீடு வந்ததா, வந்ததா என்று பார்த்தபடி சுற்றுகிறது. வந்துவிட்டால் தூங்கி எழும் செலவு முழுவதும் மிச்சம். இதற்கு ஹால்ட் போலிங் என்று பெயர். 2015 முதல் கேவிஎம்மில் இருக்கிறது. எக்ஸ்86-இல் உச்சவரம்பு இயல்பாக 2,00,000 நானோ விநாடி, அதாவது 200 மைக்ரோ விநாடி. எல்லா நேரமும் அவ்வளவு சுற்றாது. தூங்கப்போட்ட சற்று நேரத்துக்குள்ளேயே எழுப்ப வேண்டி வந்தால், அடுத்த முறை 10 மைக்ரோ விநாடி சுற்றிப்பார்க்கும், அதன் பிறகு இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். நீண்ட நேரம் எதுவும் வராவிட்டால் சுருக்கிக்கொள்ளும்.

உங்கள் சேவை இதற்கு ஏற்ற இரை. செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் வேலை மிகக் குறைவு. கெஸ்ட் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை ஹால்ட் சொல்லும், ஒவ்வொரு முறையும் அடுத்த செய்தி அந்த 200 மைக்ரோ விநாடிக்குள் வந்துவிடும். கேவிஎம் தன் கணிப்பு பலிக்கிறது என்று கண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். கெஸ்ட் அதை ஓய்வு என்று எழுதிக்கொள்கிறது, ஹோஸ்ட் உழைப்பு என்று எழுதிக்கொள்கிறது.

இது ஊகமாக நிற்க வேண்டியதில்லை, ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஹோஸ்ட்டில் பிட்ஸ்டாட் கட்டளையை அந்தக் கியூஎம்யூ செயல்முறையின் எண்ணோடு ஓட்டுங்கள். அது கெஸ்ட் நேரத்தையும் சிஸ்டம் நேரத்தையும் தனித்தனிப் பத்திகளாகக் காட்டும். போலிங் நடப்பது ஹோஸ்ட் கெர்னலுக்குள் என்பதால் அது சிஸ்டம் பத்தியில்தான் விழும். கெஸ்ட் 60-க்குப் பக்கத்திலும் சிஸ்டம் 100-க்குப் பக்கத்திலும் இருந்தால், சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. உறுதிப்படுத்த, கேவிஎம் ஸ்டாட் கருவியில் வெற்றிபெற்ற போலிங், முயன்ற போலிங் என்ற இரு எண்ணிக்கைகளையும் பாருங்கள். முயன்றவற்றில் பெரும்பகுதி வெற்றி என்றால் அந்தச் சுற்றல் உங்களுக்குப் பயன் தருகிறது. தோல்வியே அதிகம் என்றால் செயலி நேரம் வீணாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெர்ஃப் கருவியின் கேவிஎம் புள்ளிவிவரத்தில், மொத்த வெளியேற்ற நேரத்தில் 99% ஹால்ட்டுக்கே போவதாகக் காட்டும். ஒரு குழுவினர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, ஹால்ட்தான் வேகத்தைக் கெடுக்கிறது என்று இரண்டு வாரம் அதன் பின்னால் அலைந்ததைக் கண்டு வருந்தியிருக்கிறேன். அந்த எண்ணில் திரெட் தூங்கிய நேரமும் சேர்ந்திருக்கிறது. வேலையே இல்லாத கெஸ்ட்டில் ஹால்ட்டின் பங்கு அதிகமாகத்தான் இருக்கும். அங்கே கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை: நொடிக்கு எத்தனை முறை வெளியேறுகிறது?

இப்போது நண்பரின் யோசனைக்கு வருகிறேன். ‘ஐடில் = போல்’ கொடுத்தால் கெஸ்ட் ஹால்ட் சொல்வதையே விட்டுவிடும். வேலை இல்லாதபோதும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஹைப்பர்வைசருக்கு அந்தக் கெஸ்ட் எப்போதும் மும்முரமாக இருப்பதாகத்தான் தெரியும். நான்கு செயலிக்கும் 400% போகும், நள்ளிரவில் ஒரு செய்தியும் வராத நேரத்திலும் போகும். கோர்கள் மற்றவர்களோடு பகிரப்படுகின்றன என்றால் நிலைமை இன்னும் மோசம். தன் பங்கு நேரத்தை வெறும் சுற்றலிலேயே தீர்த்துவிட்ட மெய்நிகர் செயலியை, உண்மையான செய்தி வரும் நேரத்தில் ஷெட்யூலர் வெளியே தள்ளியிருக்கக்கூடும். வேகம் கேட்டு வாங்கிய மாற்றம் தாமதத்தைக் கொண்டுவரும். கெஸ்ட்டின் டாப்பில் எஸ்டி என்ற பத்தியில், அதாவது பறிபோன நேரத்தில், அது தெரியும்.

வேகமே தலையாய தேவை என்றால் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. கியூஎம்யூ 3.0 முதல், ஓவர்கமிட் என்ற விருப்பத்தில் சிபியு-பிஎம் என்ற அமைப்பைக் கொடுக்கலாம். அதைக் கொடுத்தால் ஹால்ட்டை இடைமறிப்பதே நின்றுவிடும். கெஸ்ட் ஹால்ட் சொன்னால் கோர் உண்மையாகவே நிற்கும், மின்சாரமும் மிச்சமாகும். நிபந்தனை ஒன்றுதான்: ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் தனியாக ஒரு கோரைப் பிணைத்து ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காமல் இதைச் செய்தால், முதலில் சொன்ன அதே சிக்கல்தான், தூங்குபவர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். இன்னொன்றையும் மறக்காதீர்கள். இந்த அமைப்பில் ஹோஸ்ட்டின் டாப் அந்தச் செயலிகளை எப்போதும் 100% என்றே காட்டும், கோர் நின்றுகொண்டிருந்தாலும்கூட. ஹோஸ்ட்டைப் பொறுத்தவரை அந்த நேரம் கெஸ்ட்டுக்குள் கழிகிறது. பயன்பாட்டு எச்சரிக்கைகள் வைத்திருந்தால் முன்கூட்டியே மாற்றியமையுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. லினக்ஸ் 5.4 முதல் கெஸ்ட் கெர்னலிலேயே ஹால்ட்போல் என்ற ஓய்வு இயக்கி இருக்கிறது. சற்று நேரம் கெஸ்ட்டே உள்ளே சுற்றிப்பார்த்துவிட்டு, எதுவும் வராவிட்டால் ஹால்ட் சொல்லும். வெளியேறி உள்ளே வரும் செலவு குறையும், நீண்ட ஓய்வில் கோரும் விடுபடும். கெஸ்ட் இப்படிச் சுற்றும்போது ஹோஸ்ட் தன் சுற்றலை நிறுத்திக்கொள்ளவும் ஏற்பாடு இருக்கிறது, இருவரும் ஒரே வேலையைச் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் நிலையில் நான் இருந்தால், முதலில் அந்த 100% யாருக்காவது இடைஞ்சலா என்று பார்ப்பேன். அந்தக் கோருக்காக வேறொரு பணி காத்திருப்பது தெரிந்தால் கேவிஎம் சுற்றுவதைக் கைவிட்டுவிடும். அதனால் பெரும்பாலும் அது யாரும் கேட்காத நேரத்தைத்தான் எடுக்கிறது. இழப்பு மின்சாரத்தில் இருக்கும். ஹைப்பர்திரெடிங் இயக்கத்தில் இருந்தால் ஒரே கோரைப் பகிரும் இன்னொரு பாதியின் வேகத்திலும் இருக்கும். இவை இரண்டும் உங்களைப் பாதிக்கவில்லை என்றால், விட்டுவிடுவதில் தவறில்லை.

பாதிக்கிறது என்றால், ஹோஸ்ட்டில் கேவிஎம் மாட்யூலின் ஹால்ட் போலிங் உச்சவரம்பைப் பூஜ்யமாக்கி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சில கெர்னல் பதிப்புகளில் இந்த மாற்றம் புதிதாகத் தொடங்கும் கெஸ்ட்டுகளுக்கே பொருந்தும், ஆகவே கெஸ்ட்டை நிறுத்தித் தொடங்கிய பிறகு அளப்பது பாதுகாப்பு. சேவையின் மறுமொழி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி போதாது, நூற்றில் ஒரு செய்திக்கு ஆகும் மோசமான நேரத்தையும் எழுதிவையுங்கள். பிறகு வரம்பை 50,000 நானோ விநாடியாக வைத்து மறுபடி அளந்து பாருங்கள். செயலி நேரமும் மறுமொழியும் அங்கே உங்களுக்கு ஒத்துவந்தால், ஹோஸ்ட் மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்கும்படி அந்த எண்ணை மாட்யூல் அமைப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள்.