ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு காயில் ஸ்பிரிங் போடலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: 2003 மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ், ஏர்மேட்டிக் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றால் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன்). காலையில் பார்த்தால் முன்பக்க இடது மூலை மட்டும் உட்கார்ந்திருக்கிறது. நாலு பக்கமும் காயிலுக்கு மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: அவசரமே வேண்டாம். ஒரு மூலை மட்டும் இறங்கினால் பெரும்பாலும் அந்த ஸ்ட்ரட்டோ (சக்கரத்தின் மேல் காரைத் தாங்கும் தூண்) அதற்குப் போகும் குழாயோதான் கசியும், சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அதை மட்டும் மாற்றுங்கள். ஆனால் தள்ளிப்போடாதீர்கள், கசிவை ஈடுகட்ட, காற்று அடைக்கும் கம்ப்ரசர் விடாமல் ஓடிச் சூடாகித் தேய்ந்துவிடும். கம்ப்ரசர் மாற்றும்போது அதற்கு மின்சாரம் விடும் ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். நாலு ஸ்ட்ரட்டும் கம்ப்ரசரும் ஒன்றாகப் போய்விட்டால் அப்போது காயிலுக்குப் போவதில் தப்பில்லை.

கேள்வி: என் மெர்சிடிஸ் எஸ்எல்லில் இருப்பது ஏபிசி (ஆக்டிவ் பாடி கன்ட்ரோல்). காயிலுக்கு மாற்ற இதற்கும் அதே கிட்தானா (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு)?

பதில்: இல்லவே இல்லை, இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். ஏபிசி காற்றில் ஓடுவதல்ல, எண்ணெயில் ஓடுவது. மெர்சிடிஸ் 1999-இல் சிஎல் காரில் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஸ்ட்ரட்டிலும் காயில் ஸ்பிரிங் ஏற்கெனவே இருக்கிறது, அதோடு சேர்ந்த ஹைட்ராலிக் சிலிண்டர் சுமார் 200 பார் அழுத்தத்தில் வேலை செய்து வளைவில் கார் சாயாமல் பிடிக்கிறது. அதனால் இந்தக் கார்களில் சாய்வைக் குறைக்கும் தண்டான ஆன்டி ரோல் பாரே கிடையாது! ஏபிசியை எடுத்துவிட்டால் சாய்வைத் தடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது, கிட்காரர்கள் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கித்தான் சமாளிக்க வேண்டும், அந்தக் காரை எதற்காக வாங்கினீர்களோ அந்தச் சொகுசு போய்விடும். இன்னொன்று, ஏபிசி பம்பும் பவர் ஸ்டீயரிங் பம்பும் ஒரே உடம்பு, ஒன்றை மட்டும் கழற்றிப் போட முடியாது.

முதலில் அக்யுமுலேட்டர்களை (அழுத்தத் துடிப்பை விழுங்க நைட்ரஜன் அடைத்த உருண்டைகள்) பாருங்கள். அதிலுள்ள நைட்ரஜன் போய்விட்டால் பம்பின் துடிப்பு நேராக ஹோஸ்களில் இறங்கி அவை வெடிக்கும். அதையும் எண்ணெயையும் மாற்றினாலே பல கார்கள் தேறிவிடும். அழுத்தத்தை வெளியேற்றாமல் யாரும் லைனைத் தளர்த்த விடாதீர்கள், அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கேள்வி: காயில் போட்ட பிறகு எச்சரிக்கை விளக்கு அணையவில்லை.

பதில்: பழைய ஸ்ட்ரட்டில் இருந்த டேம்பர் (குலுக்கலைத் தணிக்கும் ஷாக்) வால்வைக் கன்ட்ரோல் யூனிட் இன்னும் தேடுகிறது. நல்ல கிட்டில் அதைச் சமாளிக்கும் சின்ன மாட்யூல் ஒன்று வரும். பல கார்களில் செனான் ஹெட்லைட்டின் உயரத்தைச் சரிசெய்வதும் காரின் உயரத்தை அளக்கும் லெவல் சென்சார்தான், அதனால் அதைப் பிடுங்கிவிட வேண்டாம், எதிரே வருபவரின் கண் கூசும்.

கேள்வி: பழைய பி38 ரேஞ்ச் ரோவருக்கு?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஷாக் தனி, ஏர் பேக் (சஸ்பென்ஷனின் காற்றுப் பை) தனி, வேலை எளிது. அதே காரணத்தால் புது ஏர் பேக் போடுவதும் எளிதுதான், அதனால் நான் ஏரிலேயே விடுவேன். காயிலுக்குப் போனால் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதியும், பின்னால் பாரம் ஏற்றினாலும் மட்டமாக நிற்பதும் போய்விடும்.

கேள்வி: மாற்றிய பிறகு சக்கர அலைன்மென்ட் அவசியமா?

பதில்: கட்டாயம், உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். அதற்கு முன் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கைகளின் முனையிலுள்ள ரப்பர்) போல்ட்களைக் கார் சக்கரத்தில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும், தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.