நீருக்குள் மூச்சுக்கு 30 புள்ளிகள்

சொந்தமாக ஒரு ரோல்பிளேயிங் ஆட்டம் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம்) எழுதுவதாகவும், கதாபாத்திரத் திறன்களின் புள்ளி விலையை எப்படிச் சமன்செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான்கைந்து நண்பர்களோடு நேரில் அமர்ந்து ஆடத்தான் எழுதுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால், ஒரு திறன் எவ்வளவு அபூர்வமானது என்று பார்க்காமல், உங்கள் கதையில் அது எத்தனை முறை கைகொடுக்கும் என்று பார்த்து விலை வையுங்கள்.

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஞாயிறுதோறும் நான் கேம் மாஸ்டராக, அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை வழிநடத்துபவராக, இருந்து நடத்திய ஆட்டத்தில் திறன்களை வாங்க ஆளுக்கு 100 புள்ளிகள் கொடுத்திருந்தேன். ஒரு தோழி கொற்கையில் முத்துக்குளிக்கும் பெண்ணாக ஆட வந்தார். நீருக்குள் மூச்சுவிடும் திறனுக்கு, அது மனிதரால் இயலாதது என்ற ஒரே காரணத்துக்காக, 30 புள்ளிகள் வைத்திருந்தேன். பேச்சுச் சாமர்த்தியத்துக்கு வெறும் 5. கதை கொல்லிமலை ஏறியது. பதினோரு வாரம் இறங்கவே இல்லை. சாமர்த்தியம் வாங்கியவர் வாராவாரம் காவலரையும் வணிகரையும் பேசியே மடக்கிக்கொண்டிருக்க, தோழி தன் கதாபாத்திரக் குறிப்புத் தாளில் இருந்த அந்த 30-ஐப் பென்சிலால் சுற்றிச் சுற்றி வட்டமிட்டதில் அந்த இடமே கறுத்துப்போயிருந்தது. பன்னிரண்டாம் வாரம் அவர் வரவில்லை.

மலையில் ஒரு சுனையையாவது காட்டியிருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். காட்டியிருக்க வேண்டும், தவறு என்னுடையதுதான். ஆனால் எல்லாவற்றையும் கேம் மாஸ்டர் சமாளித்துக்கொள்வார் என்று விலைப்பட்டியலை ஏனோதானோவென்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதன் பாரத்தைச் சுமப்பவர் புள்ளிகளைச் செலவழித்த ஆட்டக்காரர்தான்.

கர்ப்ஸ் (GURPS) என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தில் முன்பு நான்கு அடிப்படைப் பண்புகளுக்கும் ஒரே விலைதான். 2004இல் வந்த நான்காம் பதிப்பில் உடல்வலிமையையும் உடல்நலத்தையும் ஒரு படி உயர்த்த 10 புள்ளிகள் என்றும், லாவகத்துக்கும் அறிவுக்கும் 20 என்றும் மாற்றினார்கள். பெரும்பாலான திறமைகள் பின்னிரண்டைத்தான் சார்ந்திருக்கின்றன என்பதால் இது நியாயமான மாற்றம்.

இப்போது எந்தத் திறன் எத்தனை முறை பயன்பட்டது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறேன். நான்கு வாரத்தில் ஒருமுறைகூடப் பயன்படாததன் புள்ளிகளில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நீருக்குள் மூச்சுக்கு இன்று என் பட்டியலில் இரண்டு விலைகள்: கடற்கரைக் கதைக்கு 20, மலைநாட்டுக் கதைக்கு 4.