தங்கையின் பணத்துக்கு ஊழியரிடம் "பலிக் காணிக்கை" செலுத்தினால் பாவம் தீருமா?

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் குடும்பச் சொத்தை விற்றபோது, என் தங்கைக்குச் சேர வேண்டியதில் ஒரு பகுதியைக் கணக்கில் காட்டாமல் நானே வைத்துக்கொண்டேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது. தேவனிடம் எத்தனையோ முறை அழுது மன்னிப்புக் கேட்டும் மனம் ஆறவில்லை. ஒரு கிறிஸ்தவ ஊழியரிடம் சொன்னேன். "இரத்தஞ்சிந்துதல் இல்லாமல் மன்னிப்பு இல்லை. இயேசு தம் பங்கைச் செய்துவிட்டார், உங்கள் பங்குக்கும் ஒரு பலி வேண்டும்" என்றார். உபவாசம் இருந்து, எடுத்த தொகைக்கு நிகரான ஒரு "பலிக் காணிக்கை"யைத் தம் ஊழியத்துக்குச் செலுத்தச் சொல்கிறார். செலுத்தாவிட்டால் சாபம் பிள்ளைகள்மேல் வருமாம். கொடுக்கலாமா? அதுவரை திருவிருந்தில் பங்கெடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் பாவம் ஒன்றும் இல்லை. பணம் உங்கள் தங்கையுடையது. ஊழியர் அதை வாங்கிக்கொண்டால், அவளிடமிருந்து இரண்டாம் முறை எடுத்தது போலத்தான் ஆகும்.

பலி என்றால் மேலே கோபமாக இருப்பவரைச் சாந்தப்படுத்த, கீழே இருக்கும் நாம் செலுத்தும் கட்டணம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊழியர் பேசுவதும் இதே நினைப்பில்தான். வேதத்தில் திசை நேர்மாறானது. லேவியராகமம் 17:11-ல், பாவநிவிர்த்திக்கான இரத்தத்தைப் பலிபீடத்தின்மேல் "நான் உங்களுக்குக் கொடுத்தேன்" என்கிற பொருளில் தேவனே பேசுகிறார். வழியை ஏற்படுத்தியவர் அவர். மோரியா மலையில் மகனுக்குப் பதிலாகப் பலியிட ஆபிரகாமுக்கு ஆட்டுக்கடா கிடைத்ததும் அப்படியே. கிறிஸ்துவின் மரணத்தைப் புதிய ஏற்பாடு பலி என்று சொல்லும்போது, தேவன் தம்மையே கொடுத்ததைத்தான் சொல்கிறது. சிலுவை எப்படிப் பாவத்தைத் தீர்க்கிறது, கடன் அடைபட்டதா, தண்டனை மாற்றப்பட்டதா, மரணம் வெல்லப்பட்டதா என்று இறையியலாளர்கள் நூற்றாண்டுகளாக வாதாடி வருகிறார்கள். உங்கள் சிக்கலுக்கு அந்த வாதம் வேண்டாம்.

வேண்டியது எபிரெயர் 10-ஆம் அதிகாரம். பழைய ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றுகொண்டு அதே பலிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். இயேசுவோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார் என்கிறது. அந்த ஆசாரியர்கள் பணிசெய்த ஆசரிப்புக் கூடாரத்தின் தட்டுமுட்டுப் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: மேஜை உண்டு, குத்துவிளக்கு உண்டு, நாற்காலி கிடையாது. ஆசாரியனின் வேலை முடிந்ததே இல்லை. அதே அதிகாரம் 18-ஆம் வசனத்தில், மன்னிப்பு உண்டான இடத்தில் பாவத்துக்காக இனிப் பலி இல்லை என்று முடிக்கிறது. "உங்கள் பங்குக்கு ஒரு பலி" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

இப்போது அந்த "இரத்தஞ்சிந்துதல் இல்லாமல்" வசனம். இதைச் சொல்லி மிரட்டுகிறவர்கள் வசனத்தின் பிற்பாதியை மட்டும் எடுப்பார்கள். எபிரெயர் 9:22 முழுவதையும் வாசியுங்கள். நியாயப்பிரமாணத்தின்படி, அதாவது மோசேயின் சட்டத்தின்படி, "கொஞ்சங்குறைய எல்லாம்" இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும் என்றுதான் அது தொடங்குகிறது. ஏன் "கொஞ்சங்குறைய"? லேவியராகமம் 5-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். பாவம் செய்தவன் ஓர் ஆடு கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு வசதி இல்லையென்றால் இரண்டு காட்டுப்புறாக்கள் அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள். அதற்கும் முடியவில்லையென்றால் ஒரு எப்பா அளவான மெல்லிய மாவிலே பத்தில் ஒரு பங்கு, இன்றைய அளவில் ஏறக்குறைய 2 லிட்டர். அதன்மேல் எண்ணெய் வார்க்கக் கூடாது, தூபவர்க்கம் போடக் கூடாது. ஆசாரியன் ஒரு கைப்பிடி எடுத்துப் பீடத்தில் எரிப்பான். "அது அவனுக்கு மன்னிக்கப்படும்" என்று ஆட்டுக்குச் சொன்ன அதே வாக்குறுதி மாவுக்கும் தரப்பட்டிருக்கிறது. ஒரு துளி இரத்தம் இல்லை! அந்த மாவு மற்றப் பலிகளோடு பீடத்தில் சேர்ந்துவிடுவதால் அதுவும் இரத்தபலியின் பங்குதான் என்று விளக்குகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். கையில் காசில்லாதவனை மன்னிப்பின் வாசலில் நிறுத்திவைக்க, நியாயப்பிரமாணத்தின் நாட்களில்கூட அனுமதி இல்லை என்பது மாறாது. நான் இதை இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் உண்டு. பலியின் விலையைப் பாவியின் வசதிக்கேற்பக் குறைத்துக்கொண்டே போன சட்டத்திலிருந்து ஒரு வசனத்தைப் பிய்த்து, பாவியின் பயத்துக்கேற்ப விலையை ஏற்றுகிறவர்கள் இப்போது எங்கும் இருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கென்றே எழுதினாற்போல் ஒரு பகுதி லேவியராகமம் 6-ன் தொடக்கத்தில் இருக்கிறது. பிறன் பொருளை வஞ்சித்து வைத்துக்கொண்டவன் முதலைக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, அதற்கு உரியவனிடம் சேர்க்க வேண்டும். குற்றநிவாரண பலி அதற்குப் பின்னால்தான் வருகிறது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் உரியவன், பிறகு பலிபீடம். சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னபோதும், அது தான் ஏமாற்றியவர்களுக்கு. இயேசுவின் பணப்பைக்கு அல்ல. எண்ணாகமம் 5:8-ஐக் காட்டி, அந்தத் தொகை ஆசாரியனுக்குச் சேரலாம் என்று யாராவது சொல்லக்கூடும். உரியவரும் இல்லை, வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லை என்றால் மட்டுமே அந்த வசனம். உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறாள்.

இந்தப் பொறி புதிதல்ல. சீமோன் என்ற மாயவித்தைக்காரன் பரிசுத்த ஆவியின் வரத்துக்குப் பணம் நீட்டியபோது, உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகட்டும் என்றார் பேதுரு. 1517-ல் ஜெர்மன் நாட்டில் யோகான் டெட்சல் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளைக் கூவி விற்றதும், மார்ட்டின் லூத்தர் 95 கருத்துரைகளை எழுதியதும் எல்லோரும் அறிந்த கதை. அரை நூற்றாண்டு கழித்து, 1567-ல், போப் ஐந்தாம் பியுஸே பணம் சம்பந்தப்பட்ட அந்தச் சலுகைகளை ரத்து செய்தார். ஆக, சீர்திருத்தச் சபையும் கத்தோலிக்கச் சபையும் முடித்துவைத்த விவகாரம் இது. இன்று ரசீதுகூட இல்லாமல் அலைபேசி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அடையாளங்கள் எளிது: தொகையை அவரே குறிப்பார், கெடு வைப்பார், யாரிடமும் சொல்லாதே என்பார், கடைசியில் பிள்ளைகள் பேரை எடுப்பார். இதில் இரண்டு சேர்ந்து வந்தாலே எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

சபைகள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. கட்டட நிதிக்குக் குழு இருக்கிறது, கன்வென்ஷனுக்குக் குழு இருக்கிறது. இப்படி நெஞ்சில் முள்ளோடு வருகிறவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச ஆள் இல்லை. லேவியராகமத்தைப் பிரசங்கிப்பதும் இல்லை. இறையியல் கல்லூரியில் தேர்வுக்குப் படித்ததோடு சரி. சபை விட்ட இடத்தில் இந்த ஊழியர்கள் கடை போடுகிறார்கள்.

சாபம் பற்றி: எசேக்கியேல் 18:20 போதும். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகள்மேல் வரும் என்று யாத்திராகமத்திலிருந்து வேறு வசனம் காட்டுவார்கள்; எசேக்கியேலின் காலத்து ஜனங்களும் அதே எண்ணத்தில்தான் "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று பழமொழி பேசினார்கள். இனி இதைச் சொல்லக் கூடாது என்று கர்த்தரே நிறுத்தினார்.

தேவன் மன்னித்தாரா என்பது உங்கள் அடிமனதின் கேள்வி. 1 யோவான் 1:9 நிபந்தனையாக வைப்பது பாவத்தை அறிக்கையிடுவதை மட்டுமே. தாவீதின் பாவத்துக்கு எந்த மிருகபலியும் ஈடாகாது. அவன் கொண்டுவந்தது நொறுங்குண்ட இருதயம். மன்னிப்பு கிடைத்தது. ஆனாலும் உங்கள் மனம் ஆறாததற்குக் காரணம் தேவன் இன்னும் இரங்கவில்லை என்பதல்ல. தங்கையின் பணம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு எந்த உபவாசமும் மருந்தாகாது.

தங்கையிடம் நேரில் போங்கள். ஊழியரையோ உறவினரையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். "ஏதாவது மனவருத்தம் தந்திருந்தால்" என்று சுற்றிவளைக்காமல், எந்த விற்பனை, எவ்வளவு என்று தொகையைச் சொல்லுங்கள். ஐந்தில் ஒரு பங்கு கிறிஸ்தவருக்குக் கட்டாயச் சட்டம் இல்லை. ஆனால் இத்தனை ஆண்டில் பணத்தின் மதிப்பு குறைந்திருக்கும், அதற்கு அது நல்ல அளவுகோல். மொத்தமாக முடியாவிட்டால் தவணை எழுதிக் கொடுங்கள். அவள் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "கர்த்தர் மன்னித்துவிட்டார், நீயும் மன்னி" என்ற பேச்சு வாயில் வரவே கூடாது. அவள் கோபப்பட்டு வெளியே அனுப்பினாலும் பணம் அவளுடையதுதான். சபையில் சாட்சி சொல்லும் ஆசை இருந்தால், அவள் அனுமதி இல்லாமல் வேண்டாம்.

திருவிருந்துக்கு வருவோம். 1 கொரிந்தியர் 11:28 தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது. சோதித்துவிட்டு வீட்டிலேயே இருக்கச் சொல்லவில்லை. மத்தேயு 5:23-24-ல் இயேசு, காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகி, பிறகு வந்து செலுத்தச் சொல்கிறார். நீங்கள் கத்தோலிக்கர் என்றால் முதலில் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, குருவும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் சொல்வார். மற்றவர் என்றால், தங்கையைப் பார்க்க நாளைக் குறித்து அவளுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பங்கெடுக்கலாம் என்பது என் கருத்து. நாளைக் குறிக்காமல் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே போவதாக இருந்தால் பங்கெடுக்காதீர்கள்.